கடைசி வரிசைக்குப் பாட்டு எப்படிப் போகிறது?

நவராத்திரி சமயம். மறுநாள் பரீட்சை. மும்பை அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறீர்கள். செம்பூர்ப் பக்கம் ஏதோ ஒரு மைதானத்தில் ஆட்டமும் பாட்டும் நடக்கிறது. ஆனால் உங்கள் காதுக்கு வருவது 'டும்... டும்...' மட்டும்தான். என்ன பாட்டு, பாடுவது ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியவில்லை. பாட்டு வழியில் எங்கே தொலைந்தது? 'டும்' மட்டும் எப்படி இவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது?

திறந்தவெளியில் கச்சேரி நடத்துகிறவர்களுக்கு இரண்டு வேலைகள் உண்டு. பாட்டைக் கடைசி வரிசை வரை கொண்டுபோக வேண்டும். அந்த வரிசையைத் தாண்டி அது போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டுமே கடினம். ஏன் என்று பார்ப்போம்.

கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் இருக்கும் சண்முகானந்தா ஹாலுக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். 2763 இருக்கைகள் கொண்ட அரங்கம். அங்கே பாடகரின் குரல் நேராக ஒரு முறை நம் காதுக்கு வருகிறது. பிறகு பக்கச் சுவரில் பட்டு, கூரையில் பட்டு, பின்சுவரில் பட்டு மறுபடி மறுபடி வருகிறது. இவை கொஞ்சம் கொஞ்சம் பிந்தித்தான் வருகின்றன. ஆனாலும் நம் மூளை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே குரலாகக் கேட்கிறது. குரல் நிறைந்து ஒலிப்பதற்கு அந்தச் சுவர்களும் காரணம்.

சுவர் உதவலாம், கெடுக்கவும் செய்யலாம். 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை அரங்கைத் திறந்தார்கள். ஆசிரியர் ஒரு சொல்லைச் சொன்னால் அது ஐந்தரை விநாடி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது! அடுத்தடுத்த சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எதுவும் புரியவில்லை. இதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்குவார். ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, நிறுத்தி, சத்தம் அடங்க எத்தனை நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பார்ப்பார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிடுவார். எந்தப் பொருள் எவ்வளவு ஒலியை விழுங்குகிறது என்று கணக்கிட அவருக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. அவர் தேர்ந்தெடுத்தது திறந்த ஜன்னல். ஜன்னல் வழியே வெளியே போன ஒலி திரும்பி வராது. ஆகவே அது முழுவதையும் விழுங்கியதற்குச் சமம்.

இப்போது திறந்தவெளி அரங்கை நினைத்துப் பாருங்கள். கூரை இல்லை, சுவர் இல்லை. நாலா பக்கமும் மேலேயும் ஜன்னல்தான்! போன ஒலி போனதுதான். தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலியின் வலிமை நாலில் ஒரு பங்காகிவிடும். ஒலியை அளக்கும் டெசிபெல் கணக்கில் 6 குறையும். மேடையிலிருந்து 10 மீட்டரில் இருப்பவருக்குக் கிடைப்பதில் 64இல் ஒரு பங்குதான் 80 மீட்டரில் இருப்பவருக்குக் கிடைக்கும்.

அதுமட்டுமா? எதிரே கூட்டம் இருக்கிறது. நம் உடம்பும் உடையும் ஒலியை நன்றாக விழுங்கும். அதிலும் உங்களைப் போன்ற உயரம் குறைந்தவர்கள் பாடு ரொம்பக் கஷ்டம். ஏன் தெரியுமா? விநாடிக்கு 50 முறை அதிரும் கனத்த ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். எதிரே நிற்கும் மாமாவை அது ஒரு பொருட்டாகவே மதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்துவிடும். விநாடிக்கு 10,000 முறை அதிரும் கூர்மையான ஒலிக்கு அலை நீளம் மூன்றரை சென்டிமீட்டர்தான். அது மாமாவின் முதுகில் பட்டு அங்கேயே முடிந்துபோகும். 'ச', 'ஸ' போன்ற எழுத்துகளின் தெளிவும் ஜால்ராவின் கிணுகிணுப்பும் இந்தச் சின்ன அலைகளில்தான் இருக்கின்றன. கூட்டத்துக்கு நடுவில் நிற்கும்போது பாட்டு மங்கலாக இருந்தால், அப்பாவின் தோளில் ஏறிப் பாருங்கள். சட்டென்று பாட்டு தெளிந்துவிடும். மேடையும் தெரியும்!

படிப்படியாக உயரும் அரங்குகளை அந்தக் காலத்திலேயே கட்டியதன் பயன் இதுதான். கிரேக்க நாட்டில் எபிடாரஸ் என்ற இடத்தில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கட்டிய கல் அரங்கம் இன்றும் நிற்கிறது. சுமார் 14,000 பேர் உட்காரலாம். ஒவ்வொரு வரிசையும் முன் வரிசையைவிட உயரம் என்பதால், எல்லோர் காதுக்கும் மேடைக்கும் நடுவே தடை இல்லை. அந்தக் கல் படி வரிசைகள் தாழ்ந்த இரைச்சலை அடக்கிவிடுகின்றன என்று 2007இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். காற்றின் சலசலப்பும் கூட்டத்தின் முணுமுணுப்பும் மட்டுப்பட்டால் நடிகரின் குரல் எடுப்பாகத் தெரியும் அல்லவா?

நம் ஊரில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். அரங்கை மாற்றாமல் வாத்தியத்தையே வெளிக்கு ஏற்றபடி செய்தார்கள். செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலிலோ உங்கள் ஊர்க் கோயிலிலோ நாகஸ்வரம் வாசிக்கும்போது கவனியுங்கள். மைக்கே தேவையில்லை. தவில்காரர் வலக்கை விரல்களில் கெட்டியான கூடு மாட்டிக்கொண்டு, இடக்கையில் குச்சியால் அடிக்கிறார். வீதியில் சுவாமி புறப்பாடு வருவது தெருக்கோடி வீட்டுக்கும் கேட்க வேண்டுமே! வீணையை வீதியில் எடுத்துப்போனால் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது.

சரி, இன்றைக்கு ஐம்பதாயிரம் பேர் கூடும் கச்சேரிக்கு என்ன செய்கிறார்கள்? கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் நெருளில் இருக்கும் டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்தில் 2025 ஜனவரியில் கோல்ட்ப்ளே இசைக்குழு மூன்று நாள் பாடியது. அதுபோன்ற மேடைகளின் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் பெட்டிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்து உயரத்தில் தொங்குவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். மேல் பெட்டிகள் தூரத்தில் இருப்பவர்களை நோக்கும். கீழே வர வர வரிசை வளைந்து, கடைசிப் பெட்டி முன்வரிசையைப் பார்க்கும். பெட்டிகளைச் சேர்த்து அடுக்கினால் ஒலி மேலும் கீழும் சிதறாமல் முன்னோக்கிப் போகும். பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஹெய்ல் என்ற இயற்பியலாளர் 1990களின் தொடக்கத்தில் இந்த முறையை நவீன வடிவில் கொண்டுவந்தார்.

அப்படியும் கடைசி வரிசைக்குப் போதாது. அதனால் மைதானத்தின் நடுவில் கம்பம் நட்டு இன்னும் சில ஸ்பீக்கர்களை ஏற்றுவார்கள். இங்கேதான் ஒரு சிக்கல். கம்பி வழியே மின்சாரம் ஒரு நொடிக்குள் எத்தனையோ தூரம் போய்விடும். ஒலியோ காற்றில் நடந்து வர வேண்டும். 30 டிகிரி வெயிலில் அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 349 மீட்டர். மேடையிலிருந்து 70 மீட்டர் வருவதற்கு 0.2 விநாடி ஆகும். கம்பத்து ஸ்பீக்கர் முன்னாலேயே பாடிவிடும். மேடையிலிருந்து வரும் ஒலி பின்னாலேயே வந்து அதையே இன்னொரு முறை சொல்லும். திருவிழாத் தெருவில் வரிசையாகக் கட்டிய குழாய் ஸ்பீக்கர்களில் அறிவிப்பு ஏன் குழப்பமாகக் கேட்கிறது என்பதற்கும் காரணம் இதுவே.

சவுண்ட் இன்ஜினியர் என்ன செய்வார்? கம்பத்து ஸ்பீக்கரை 0.2 விநாடி காக்க வைப்பார். கெட்டிக்காரராக இருந்தால் அதற்கு மேலும் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ சேர்த்துக் காக்க வைப்பார். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949இல் கண்டுபிடித்துச் சொன்ன விஷயம் இதற்குக் கைகொடுக்கிறது. ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து மிகச் சிறிய இடைவெளியில் வந்தால், எது முதலில் வந்ததோ அந்தத் திசையிலிருந்துதான் எல்லாம் வருகிறது என்று மூளை எடுத்துக்கொள்ளும். பின்னால் வருவது கொஞ்சம் பலமாக இருந்தாலும் சரி! ஆகவே சத்தம் கொடுப்பது பக்கத்துக் கம்பம். ஆனால் பாட்டு மேடையிலிருந்து வருவதாகவே உங்களுக்குத் தோன்றும். கடைசி வரிசையில் நிற்பவருக்காக ஒருவர் இவ்வளவு யோசித்திருக்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அவரும் டிக்கெட் வாங்கித்தானே வந்திருக்கிறார்!

இனி அந்த 'டும்... டும்...'.

காற்றும் ஒலியைத் தின்னும், ஆனால் எல்லா ஒலியையும் ஒரே அளவில் தின்னாது. மும்பையின் கசகசப்பான காற்றில் விநாடிக்கு 4000 முறை அதிரும் ஒலி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் காற்றால் மட்டும் 23 டெசிபெல் இழக்கும். 125 முறை அதிரும் ஒலி இழப்பது அரை டெசிபெல்கூட இல்லை. சொற்கள் வழியிலேயே கரைந்துபோக, டிரம்மின் அடி மட்டும் உங்கள் ஜன்னலுக்கு வந்துவிடுகிறது. (காற்று குளிர்ந்து வறண்டிருந்தால் அந்த 23 ஏறக்குறைய 90 ஆகிவிடும். நாம் அலுத்துக்கொள்ளும் இந்த ஈரக்காற்று பாட்டுக்கு நல்லது!)

'டும்' தூரம் போவதற்கு இரவும் துணைபோகிறது. சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாக இருப்பதால் அலையின் கீழ்ப்பகுதி முந்திக்கொள்ளும். கைகோத்து நடக்கும் பிள்ளைகளின் வரிசையில் ஒரு முனை வேகமாக நடந்தால் வரிசை மறுபக்கம் திரும்புமே, அப்படி ஒலி மேல்நோக்கித் திரும்பி வானத்துக்குப் போய்விடும். தெளிந்த இரவில் தரை குளிர்ந்து, மேற்காற்று சூடாக இருக்கும்போது நேர்மாறு. ஒலி கீழே வளைந்து தூரத்து வீடுகளில் இறங்கும்.

ஒலி இப்படி அக்கம்பக்கத்தை எட்டுவதால் தொல்லையும் உண்டு. தென் மும்பையில் தோபி தலாவ் பகுதியில் ரங் பவன் என்ற திறந்தவெளி அரங்கம் உண்டு. 1978இல் ஜாஸ் யாத்ரா விழா அங்கே தொடங்கியது; உலகப் புகழ்பெற்ற கலைஞர்கள் வந்து வாசித்தார்கள். 1986 முதல் நம் நாட்டு ராக் குழுக்களின் விழாவும் அங்கே நடந்தது. ஆனால் அரங்கின் பக்கத்திலேயே மருத்துவமனையும் கல்லூரியும். மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அதன்பின் சில ஆண்டுகளில் ரங் பவனில் கச்சேரிகள் நின்றுபோயின. அருமையான ஓர் அரங்கம் ஊமையானதில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் படுக்கையில் இருக்கும் நோயாளியின் தூக்கம்தான் முதலில் என்பேன். அதே விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபெல்லுக்கு மேல் சத்தம் கூடாது. திறந்தவெளி ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு நிற்க வேண்டும். வருடத்தில் சில திருவிழா நாள்களில் மட்டும் நள்ளிரவு வரை அனுமதி கிடைக்கும்.

இந்தத் தொல்லையைக் குறைக்க இப்போது, கனத்த ஒலி தரும் பேஸ் ஸ்பீக்கர்களில் சிலவற்றைப் பின்பக்கம் திருப்பி வைத்து, முன்பெட்டி, பின்பெட்டி இரண்டின் அலைகளும் மேடைக்குப் பின்னால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி செய்கிறார்கள். எதிரே ஆடுபவர்களுக்கு 'டும்' கேட்கும். பின்னால் குடியிருப்பவர்களுக்குக் குறையும். இதை எல்லா மைதானங்களிலும் செய்ய வேண்டும்.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறுவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபெல் வரை பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 3 டெசிபெல் ஏறினால் நேரம் பாதியாகிவிடும். பெரிய கச்சேரிகளில் 100 டெசிபெல் சாதாரணம். ஆகவே ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் காது அடைப்பானை மாட்டிக்கொள்ளுங்கள். பாட்டு அப்போதும் நன்றாகவே கேட்கும்.

ஒலி நடந்து வருவதைக் கண்ணால் பார்க்க ஆசையா? பள்ளி மைதானத்தில் செய்யலாம். நண்பரிடம் எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கொடுங்கள். போனில் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 120 என்று வைத்து, அதற்குச் சரியாக அவர் தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் கரண்டியை நன்றாக மேலே தூக்க வேண்டும். நீங்கள் அவரைப் பார்த்தபடியே பின்னால் நடந்து போங்கள். கொஞ்ச தூரத்தில் கையும் சத்தமும் பொருந்தாமல் போகும். சுமார் 87 மீட்டரில் கரண்டி உச்சியில் இருக்கும்போது சத்தம் கேட்கும்! ஒலி கால் விநாடி பிந்திவிட்டது. மைதானம் பெரிதாக இருந்தால் சுமார் 175 மீட்டர் வரை போங்கள். மறுபடி எல்லாம் சரியாகப் பொருந்தும். ஆனால் நீங்கள் கேட்பது இதற்கு முந்திய தட்டு. அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, நாடாவால் தூரத்தை அளந்து, அதை இரண்டால் பெருக்குங்கள். ஒரு விநாடியில் ஒலி போகும் தூரம் கிடைத்துவிடும். காலையில் ஒருமுறை, மதிய வெயிலில் ஒருமுறை செய்து, இரண்டு விடைகளையும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.