புட்டிக்கு ஓர் அளவு, கிணற்றுக்கு ஓர் அளவு: குடிநீர் புளோரைடு விதியில் இரட்டை நிலை

புது தில்லி: கடைகளில் விற்கப்படும் புட்டி நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கக் கூடாது. ஆனால், கிராமத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் 1.5 மில்லிகிராம் வரை இருந்தாலும் அதைக் குடிநீராக வழங்க விதி இடமளிக்கிறது. இவ்விரு வரம்புகளையும் வகுத்தது இந்தியத் தர நிர்ணய அமைவனம்தான்.

பொதுக் குடிநீருக்கான 2012-ஆம் ஆண்டு தரவிதியும் 1 மில்லிகிராமையே ஏற்கத்தக்க அளவாகக் கூறுகிறது. எனினும், "வேறு நீராதாரம் இல்லாத நிலையில்" 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்கிறது. புட்டி நீருக்கு இந்த விலக்கு கிடையாது.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5 மில்லிகிராம்தான். ஆனால், தட்பவெப்பத்தையும் மக்கள் அருந்தும் நீரின் அளவையும் கருத்தில் கொண்டே ஒவ்வொரு நாடும் வரம்பை முடிவு செய்ய வேண்டும் என அந்நிறுவனம் அறிவுறுத்துகிறது. நகரில் நாளொன்றுக்கு 2 லிட்டர் புட்டி நீர் அருந்துபவரின் உடலில் அதன் மூலம் சேரும் புளோரைடு அதிகபட்சம் 2 மில்லிகிராம். வெயிலில் உழைத்து 4 லிட்டர் கிணற்று நீர் குடிக்கும் விவசாயத் தொழிலாளிக்கோ 6 மில்லிகிராம் வரை சேரக்கூடும்.

சிறிதளவு புளோரைடு பற்சிதைவைத் தடுக்கும். மிகுந்தால் குழந்தைகளின் பற்களில் கறை படியும். ஆண்டுக்கணக்கில் மிகுதியாகச் சேர்ந்தால் மூட்டுகள் இறுகி, முதுகு வளையும். அவ்வாறு பாதிக்கப்பட்ட எலும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்தில்லை. நீரைக் காய்ச்சினாலும் புளோரைடு நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

இந்தியாவில் இந்நோய் 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. இதற்கென மத்திய அரசின் தேசியத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டதோ 2008-09-இல்தான்.

புட்டி நீரின் தரமும் கண்காணிப்பைப் பொறுத்ததே. எதிர் சவ்வூடு பரவல் முறை புளோரைடின் பெரும்பகுதியை நீக்கிவிடும். சவ்வு பழுதானால் அந்தப் பயன் குறையும். 2001 முதல் கட்டாயமாக இருந்த ஐ.எஸ்.ஐ. முத்திரை விதியை 2024 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நீக்கியது. அடுத்த மாதமே புட்டி நீரை அதிக அபாயமுள்ள உணவுப் பிரிவில் சேர்த்து, ஆண்டுதோறும் தணிக்கைக்கு உள்படுத்தியது.

விலை கொடுத்து நீர் வாங்க முடிந்தவர்களுக்காக விதிகள் இவ்வாறு மாறி வருகின்றன. கிராமங்களின் நம்பிக்கையோ 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம். வீடுதோறும் குழாய் இணைப்பு என்ற அதன் இலக்குக்கு 2024 வரை இருந்த கெடு, 2028 வரை நீட்டிக்கப்படும் என 2025 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது.

குழாய் வந்தால் மட்டும் போதாது. அதில் வருவது அதே ஆழ்துளைக் கிணற்று நீராக இருந்தால், "வேறு நீராதாரம் இல்லாத நிலையில்" என்ற விலக்கு அந்த வீட்டுக்கும் தொடரும். இணைப்புகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், இந்த விலக்கு எப்போது முடிவுக்கு வரும் என்பதையும் நாடாளுமன்றம் கேட்டாக வேண்டும்.