கட்டுப்பாட்டை இழந்த கார்

"கட்டுப்பாட்டை இழந்த கார்" என்ற மூன்று சொற்கள் இல்லாமல் நம் நாளிதழ்களில் ஒரு வாரம் கழிவதில்லை. கட்டுப்பாட்டை இழந்த கார் தடுப்புச் சுவரில் மோதும், புளியமரத்தில் மோதும், பள்ளத்தில் கவிழும். காருக்கே மதம் பிடித்துவிட்டதுபோல் அந்த வரி பேசும். உண்மையில் கைநழுவிப் போனது டயருக்கும் தரைக்கும் இடையே இருந்த பிடிப்பு. ஒரு டன்னுக்கும் மேல் எடையுள்ள கார், ஏறக்குறைய உள்ளங்கை அளவான நான்கு இடங்களில்தான் சாலையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. அந்தப் பிடி விட்டால் ஸ்டீயரிங் வெறும் வட்டம்.

அன்று, விட்ட பிடியை மீட்பது ஓட்டுநரின் கைப்பழக்கம். பின்பக்கம் வலப்புறம் வீசினால் ஸ்டீயரிங்கையும் வலப்புறமே திருப்பு, பிரேக்கைப் போட்டு மிதிக்காதே, பதறாதே என்று அனுபவசாலிகள் சொல்லித் தருவார்கள். மூன்றும் நல்ல பாடம்தான். ஆனால் மூன்றையும் நினைத்துப் பார்த்துச் செய்து முடிக்க, கண் இமைக்கும் நேரம்தான் இருக்கும். பனி உறையும் ஸ்வீடனில், உரிமம் கேட்பவரை வழுக்குத் தளத்தில் ஓட்டவிட்டே பழக்குகிறார்கள். ஆனால் எத்தனை கைதேர்ந்தவருக்கும் ஒரு எல்லை இருந்தது. அவர் காலடியில் இருக்கும் பிரேக் மிதி ஒன்று. மிதித்தால் நான்கு சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து நிறுத்த எந்த மனிதக் காலாலும் முடியாது.

இன்று அதைச் செய்வது எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், சுருக்கமாக இஎஸ்சி. மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே பிடிபடும். இடப்பக்க மாட்டை இழுத்துப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும். ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திருப்பப்பட்டிருக்கிறது என்பதை ஒரு சென்சார் பார்க்கிறது. வண்டி உண்மையில் எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை இன்னொன்று பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று நொடிக்கு 25 முறை கணக்குப் பார்க்கிறது அந்தக் கருவி. வளைவில் பின்பக்கம் வீசினால் வெளிப்பக்க முன்சக்கரத்தைப் பிடிக்கும். வளையாமல் நேரே போகப் பார்த்தால் உள்பக்கப் பின்சக்கரத்தைப் பிடிக்கும். தேவைப்பட்டால் என்ஜின் வேகத்தையும் குறைக்கும். ஓட்டுநருக்குத் தெரிவது, டாஷ்போர்டில் வளைந்த கோடுகளோடு ஒரு குட்டிக் கார் மஞ்சளாகக் கண்சிமிட்டுவது மட்டும்.

இதன் கதை ஒரு பள்ளத்தில் தொடங்குகிறது. 1989 பிப்ரவரியில், வடக்கு ஸ்வீடனில் சோதனை ஓட்டத்தில் இருந்த மெர்சிடீஸ் பொறியாளர் ஃபிராங்க் வெர்னர் மோன், பனியில் சறுக்கிச் சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டார். இழுவை வண்டிக்காகக் காத்திருந்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், 1978 முதலே காரில் இருக்கிறது. கார் சுழல்வதை உணரும் ஒரு கருவியை அதனோடு பேசவிட்டால் என்ன? முதல் சோதனைக்கு, ரிமோட்டில் பறக்கும் பொம்மை ஹெலிகாப்டரின் சுழல்மானியையே கழற்றிப் பயன்படுத்தியதாகச் சொல்வார்கள். இன்னொரு பக்கம் பாஷ் நிறுவனத்தில் ஆன்டன் வான் சான்டன் தலைமையிலான குழு, இதை நம்பி ஓட்டக்கூடிய கருவியாக வளர்த்தெடுத்தது. 2016இல் ஐரோப்பிய கண்டுபிடிப்பாளர் விருது, வாழ்நாள் சாதனைப் பிரிவில் வான் சான்டனுக்குக் கிடைத்தது.

1995இல் இது சாலைக்கு வந்தபோது ஏறி அமர்ந்த இடம், மெர்சிடீஸின் எஸ் 600 கூபே. 12 சிலிண்டர் என்ஜின் கொண்ட, பெருஞ்செல்வர்களின் வண்டி. மற்றவர்களுக்கு இது விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்தில், தோல் இருக்கைக்கும் நல்ல ஸ்பீக்கருக்கும் பக்கத்தில் ஒரு வரி. ஆளுக்கொரு பெயர் வேறு. பிஎம்டபிள்யூவில் டிஎஸ்சி, டொயோட்டாவில் விஎஸ்சி, ஹோண்டாவில் விஎஸ்ஏ, ஃபோர்டில் அட்வான்ஸ்ட்ராக். என்னவென்றே புரியாத பொருளுக்கு யார் கூடுதல் பணம் கட்டுவார்?

இதை மாளிகையிலிருந்து தெருவுக்கு இறக்கியது ஒரு அவமானம். 1997 அக்டோபரில், மெர்சிடீஸ் தன் முதல் சின்னக் காரான ஏ-கிளாஸை விற்பனைக்குக் கொண்டுவந்த சில நாட்களில், ஸ்வீடனின் 'டெக்னிகென்ஸ் வார்ல்ட்' இதழுக்காக அதை ஓட்டிப் பார்த்தார் ராபர்ட் கோலின். அங்கே மூஸ் என்ற ராட்சத மான் திடீரென்று சாலைக்குள் வரும். அதைத் தவிர்க்க ஒரு வெட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து மீள மறுவெட்டு. இந்த மான் சோதனையில் ஏ-கிளாஸ் குப்புறக் கவிழ்ந்தது. நிறுவனம் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. கிழக்கு ஜெர்மனியின் பழைய ட்ராபன்ட் கார் அதே சோதனையில் தேறிவிட்டது என்று வேறொரு பத்திரிகை எழுத, ஊரே சிரித்தது. கடைசியில் விற்பனையை நிறுத்திவைத்து, சஸ்பென்ஷனைத் திருத்தி, எல்லா ஏ-கிளாஸிலும் இஎஸ்சியைக் கூடுதல் கட்டணமின்றிப் பொருத்தி, 1998இல் மறுபடி சந்தைக்கு வந்தது. பெரிய வண்டிக்கான கவசம் சின்ன வண்டிக்கு வந்து சேர்ந்த வழி இது.

அவமானம் ஒரு நிறுவனத்தைத் திருத்தும். சந்தையைத் திருத்த அது போதாது. அதற்கு எண்கள் வேண்டியிருந்தன. ஸ்வீடனில் நடந்த ஆய்வொன்று, இஎஸ்சி உள்ள கார்களில் விபத்துகள் மொத்தத்தில் சுமார் 22 சதவீதமும், ஈரச் சாலையில் சுமார் 32 சதவீதமும், பனிச் சாலையில் சுமார் 38 சதவீதமும் குறைவு என்று 2004இல் காட்டியது. வழுக்க வழுக்கப் பயன் கூடுகிறது. இஎஸ்சி இல்லாத காரை வாங்காதீர்கள் என்று அந்நாட்டுச் சாலை நிர்வாகம் வெளிப்படையாகவே சொன்னது. சில ஆண்டுகளிலேயே, சட்டம் வரும் முன்பே, அங்கு விற்ற புதிய கார்களில் பெரும்பாலானவை இதோடு வந்தன.

அமெரிக்காவின் தலைவலி வேறு. உயரமான எஸ்யூவி மோகமும், உருண்டு கவிழும் விபத்துகளும். இவ்வகை விபத்துகளில் மட்டும் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் செத்துக்கொண்டிருந்தார்கள். உயிர்ப்பலி வாங்கும் ஒற்றை வாகன விபத்துகளுக்கான வாய்ப்பை இஎஸ்சி 56 சதவீதம் குறைக்கிறது என்று காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு மையம் 2006இல் கண்டது. 2007 ஏப்ரலில் அரசு விதி வந்தது. படிப்படியாகக் கூட்டி, 2011 செப்டம்பருக்குப் பின் சுமார் நாலரை டன்னுக்கு உட்பட்ட புதிய வண்டி எதுவும் இஎஸ்சி இல்லாமல் வெளிவரக் கூடாது. ஏபிஎஸ் உள்ள காரில் இதைச் சேர்க்க ஆகும் செலவு சராசரியாக 111 டாலர். எல்லா வண்டிகளிலும் வந்துவிட்டால் ஆண்டுக்கு 5,300 முதல் 9,600 உயிர்கள் மிஞ்சும் என்பது அரசின் மதிப்பீடு. 1997இல் ஒரு பத்திரிகையாளர் கையால் வெட்டித் திருப்பிய ஸ்டீயரிங்கை, இந்த விதியின் சோதனையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ரோபோ திருப்பும். ஓட்டுநர் சுவிட்சை அமுக்கி இஎஸ்சியை அணைத்தாலும், அடுத்த முறை வண்டியைக் கிளப்பும்போது அது தானே விழித்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதிவைத்தார்கள். மனிதரின் வீறாப்பை நன்கு அறிந்த சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் இது கட்டாயம்.

இஎஸ்சி மந்திரக்கோல் அல்ல. தேய்ந்து வழுவழுத்த டயருக்கு இல்லாத பிடிப்பை அதனால் வரவழைக்க முடியாது. 60இல் திரும்ப வேண்டிய வளைவில் 110இல் நுழைபவரை இயற்பியல் மன்னிக்காது. கருவி இருக்கிறதே என்று வேகத்தைக் கூட்டினால், கிடைத்த லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

இந்தியாவில் கதை இன்னும் நடுப்பக்கத்தில் இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மதிப்பீட்டில், மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ வேண்டுமென்றால் காரில் இஎஸ்சி இருந்தாக வேண்டும். ஷோரூம்களில் 'பேஸ் மாடல்', 'டாப் மாடல்' என்று கட்டம் போட்ட தாளை நீட்டுகிறார்கள். சன்ரூஃப் எதில் வரும் என்று ஆசையாகக் கேட்கிறோம். இஎஸ்சிக்கு நேரே டிக் இருக்கிறதா என்று பார்ப்பவர் குறைவு. வாங்குபவரைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஸ்வீடனில் அரசின் குரலும், ஜெர்மனியில் ஒரு அவமானமும், அமெரிக்காவில் ஒரு சட்டமும் செய்தது ஒரே வேலைதான்: உயிர் காக்கும் பொருளைத் தேர்வுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன.

பேஸ் மாடலில் பிரேக் உண்டா என்று எந்த ஷோரூமிலும் யாரும் கேட்பதில்லை. இஎஸ்சியைப் பற்றியும் அப்படிக் கேட்கத் தோன்றாத நாள் வரவேண்டும்.