தாராபுரத்தில் மனை பார்ப்போர் கவனத்திற்கு

தறியிலும் தோட்டத்திலும் உழைத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு ஒரு மனை வாங்குவதென்பது நம்மனோர்க்கு ஆயுளில் ஒருமுறை கைகூடும் காரியம். ஒரு பாவு பழுதானால் அடுத்த பாவில் ஈடுசெய்துகொள்ளலாம். மனையில் தவறினாலோ அது பிள்ளைகள் காலம் வரை வழக்காக நிற்கும். அண்மைக் காலமாகத் திருப்பூரில் வாடகை கொடுத்து மாளாத உறுப்பினர் பலர், "தாராபுரம் பக்கம் இடம் பார்க்கலாமா?" என்று வினவி வருகின்றனர். ஆதலின் அவ்வூரைப் பற்றி, வாங்க வருபவர் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளை இங்கு எழுதலாயிற்று.

தாராபுரம் அமராவதி ஆற்றங்கரையில் அமைந்த பழம்பதி. 1799-இல் கொங்கு நாடு கம்பெனியார் வசமானபின், வடபாகத்திற்குப் பவானியும் தென்பாகத்திற்குத் தாராபுரமும் கலெக்டரின் தலைமையிடங்களாயின. 1804-இல் இரு பகுதிகளும் ஒன்றாகிக் கோயம்புத்தூர் தலைமையிடமாயிற்று. நெடுங்காலம் கோவை மாவட்டத்திலிருந்த இவ்வூர், 1979-இல் புதிய பெரியார் மாவட்டத்திற்கும், 2009-இல் திருப்பூர் மாவட்டத்திற்கும் உரியதாயிற்று. ஆகவே பழைய பத்திரங்களில் கோயம்புத்தூர் ஜில்லா என்றும் பெரியார் மாவட்டம் என்றும் காணப்படின் மருள வேண்டுவதில்லை. நடிகர் நாகேஷ் இவ்வூர்க்காரர் என்பதை உள்ளூரார் இன்றும் பெருமையுடன் சொல்வர். அதற்காக விலையை உயர்த்தாத வரையில் நமக்கும் மகிழ்ச்சியே.

திருப்பூர் வடக்கே ஏறத்தாழ 48 கிலோமீட்டர். பழனி தெற்கே 35 கிலோமீட்டருக்கு உட்பட்டது. ஊருக்குள் ரயில் இல்லை. ஈரோடு - பழனி ரயில்பாதை பல்லாண்டுகளாகப் பேச்சிலேயே இருந்து வருவது. "ரயில் வரப்போகிறது" என்று தரகர் கூறும் சொல்லுக்காக ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்கலாகாது. திருப்பூரில் வேலையை வைத்துக்கொண்டு இங்குக் குடியேற எண்ணுபவர், முதலில் ஒரு வாரம் காலைப் பேருந்தில் போய் இரவுப் பேருந்தில் திரும்பிப் பார்ப்பது நலம். ஞாயிறன்று காரில் அழைத்துச் சென்று மனையைக் காட்டுபவர் இந்தச் சிரமத்தைச் சொல்லமாட்டார்.

இனி நீர். இவ்வூரில் நிலத்தின் விலை நீரின் விலையே எனலாம். 1957-இல் உடுமலைக்குத் தெற்கே கட்டி முடிந்த அமராவதி அணை 90 அடி உயரமும் 4 டி.எம்.சி. கொள்ளளவும் உடையது. அணைக்கு நெடுங்காலம் முன்பிருந்தே ஆற்றிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால்கள் அலங்கியம், தளவாய்பட்டினம், தாராபுரம், கொளிஞ்சிவாடி வயல்களுக்குப் பாய்கின்றன. இந்தப் பழைய ஆயக்கட்டு நெல் விளையும் பூமி. வாய்க்காலை விட்டு மேட்டுப் பக்கம் சில மைல் சென்றால் காட்சி முற்றிலும் மாறிவிடும். கிளுவை வேலியும், கொழுக்கட்டைப் புல் மண்டிய கொரங்காடும், காங்கேயம் மாடுகளும், காற்றாலைகளுமே கண்ணில் படும். தாலுகாவின் சில கிராமங்களுக்குப் பரம்பிக்குளம் - ஆழியாறு நீர் உண்டு. அதுவும் 4 மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்து விடப்படுவதேயன்றி ஆண்டு முழுவதும் வருவதன்று. "வாய்க்கால் பாசனம்" என்று விளம்பரத்தில் கண்டால், எந்த வாய்க்கால், எந்த மண்டலம் என்று கேட்டறிக.

நீரின் தன்மையும் நோக்கத்தக்கது. நொய்யல் கரையில் சாயக்கழிவால் கிணறுகள் கெட்டதும், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற ஆணையால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும் நம்மவர் அனைவரும் அனுபவித்தறிந்தவை. அமராவதி வேறு ஆறு. தாராபுரத்தைத் தாண்டிக் கீழே சென்று கரூரருகே காவிரியில் கலப்பது. எனினும், வாங்கும் இடத்துக் கிணற்று நீரை ஒரு குப்பியில் எடுத்துச் சோதித்துக்கொள்வதற்கு ஆகும் செலவு அற்பமே.

வெளியூரார்க்குச் சொற்களும் தடுமாற்றம் தரும். இங்குக் காடு என்றால் வனமன்று, மானாவாரி நிலம். கிணற்றுப் பாசனமுடையது தோட்டம். ஆற்றுப் பாசனமுடையது வயல். வயலை உரிய அனுமதியின்றி மனையாக்க இயலாது. இரு வேலிகளுக்கிடையே வண்டி செல்லும் வழியை இட்டேரி என்பர். அது பலருக்கும் பொதுவான வழி. வேலி நகர்ந்து நகர்ந்து மாட்டு வண்டிக்கும் இடமின்றிப் போனதுண்டு. மனைக்கு இட்டேரி வழியாகத்தான் வரவேண்டுமெனில், அது புலப்படத்தில் குறிக்கப்பட்டுள்ளதா, எத்தனை அடி என்பதைப் பார்த்தல் வேண்டும். இடத்தை அளப்பவரையும் அந்த வழியாகவே நடத்தி அழைத்துச் செல்க.

நெசவாளர்க்கென ஒரு சொல். வாய்க்காலை ஒட்டிய தாழ்ந்த மனை பசுமையாகத் தோன்றும். ஆனால் குழித்தறி போடுபவர்க்கு அது ஆகாது. வாய்க்காலில் நீர் விட்ட சில நாட்களில் தறிக்குழியில் ஊற்றெடுத்து, மிதியில் கால் வைக்க இயலாது போகும்; நூலும் ஈரம் ஏறும். ஐப்பசி மழையில் ஒருமுறை சென்று, பக்கத்து வீட்டாரின் அனுமதியோடு அவர்கள் வீட்டுத் தரையைத் தொட்டுப் பாருங்கள். ஆடியில் இன்னொரு முறை செல்லுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று அம்மாதங்களில் மண்ணை வாரி இறைக்கும். தெருவில் பாவு ஓட்டுபவர் மேற்கே மறைவுள்ள இடம் தேடவேண்டும். முன்னோர் நெசவாளர் தெருக்களில் பாவடி என்று பொது இடம் விட்டனர். இன்றைய மனைப்பிரிவுகளில் அதற்கு இடமில்லை; பூங்காவுக்கென ஒதுக்கியதைத்தான் காட்டுவர்.

ஆவணங்களைப் பற்றி எழுதுமுன் என் தமையனாரின் கதையைச் சொல்ல வேண்டும். அவர் பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் மனை வாங்கினார். நில உடைமையாளரிடம் பொது அதிகாரப் பத்திரம் பெற்ற ஒருவர் கிரயம் எழுதிக் கொடுத்தார். வில்லங்கச் சான்று சுத்தமாகவே இருந்தது. வீட்டுச் சுவர் இடுப்பளவு எழும்பிய பின்னரே, உடைமையாளர் கிரயத்துக்கு நான்கு மாதம் முன்பே காலமாகிவிட்டார் என்பது தெரியவந்தது. கொடுத்தவர் இறந்தால் அதிகாரமும் அன்றே இறந்துவிடும் என்பது சட்டம். வாரிசுகளுக்கு மீண்டும் பணம் கொடுத்து அவர் தீர்த்துக்கொள்ள ஆறு ஆண்டுகளாயின. தறியொன்றை விற்க நேர்ந்தது. அண்ணியார் அதைப் பற்றி இன்றும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

வில்லங்கச் சான்று பதிவானவற்றை மட்டுமே காட்டும். மரணத்தையோ, பதிவாகாத உடன்பாட்டையோ காட்டாது. பூர்வீகச் சொத்தாயின் உடன்பிறந்த பெண்களின் கையொப்பமும் இன்றியமையாதது. தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதும் 2005-லும் மகளிர்க்குச் சமபங்கு சட்டமாயிற்று. தந்தை 2005-க்கு முன் இறந்திருப்பினும் அவ்வுரிமை உண்டென்று 2020-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. "அக்காள் சீர் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்" என்னும் பேச்சு நீதிமன்றத்தில் செல்லாது. பஞ்சமி நிலம், கோயில் நிலம் என்பன மலிவாகக் கிடைக்குமாயினும் அவற்றின் பக்கம் போகவேண்டாம்.

மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு அங்கீகாரம் உள்ளதா என்பது அடுத்த வினா. அங்கீகாரமற்ற மனைகளின் பதிவை 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் நிறுத்திற்று. அவ்வாண்டு அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முன் விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அத்தகைய மனையாயின் வரன்முறை ஆணையின் நகலைக் கையில் வாங்கிய பின்னரே அச்சாரம் கொடுக்கலாம்.

பதிவுச் செலவை மறந்துவிட்டுக் கடைசி நாளில் கடன் தேடுபவர் பலர். 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2. அதாவது 8 லட்சம் ரூபாய் மனைக்கு 72,000 ரூபாய். பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கிரயத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு 1 குறையும். வீட்டுப் பெண்மணி பெயரில் வாங்க இதுவும் ஒரு காரணம். பத்திரம் பதிவானதும் பட்டா தானே வந்துவிடும் என்று வாளாவிருக்கலாகாது. உட்பிரிவு தேவைப்படின் அளவர் வந்து அளக்கும் நாளில் உரியவர் நேரில் நிற்கவேண்டும். என் தமையனார் இரண்டாம் முறை வாங்கியபோது, கல் நடும் வரை வெயிலில் குடையுடன் நின்றார். அன்று தறிக்கு விடுமுறை.