தேதி தவறாத ஆயிரம்

திருப்பூரின் உழைப்பாளர்கள் காலத்தை மாதக் கணக்கில் அளப்பதில்லை; வாரக் கணக்கில் அளக்கிறார்கள். பனியன் கம்பெனிகளில் டெய்லர், செக்கிங், கைமடி எனப் பல பிரிவினருக்கும் சனிக்கிழமைதான் சம்பள நாள். மளிகைக் கடை நோட்டின் பாக்கியும் குழுக்கடன் தவணையும் அன்றிரவே அதில் பெரும்பங்கைக் கொண்டுபோய்விடும். புதன்கிழமைக்குள் கை வறண்டுவிடும். அந்நேரம் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்குவதன்றி வேறு வழியில்லை. கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழகத்தில் சட்டம் வந்தும் இந்த வழக்கம் ஒழியவில்லை. ஏழையின் துன்பம் வருவாய்க் குறைவு மட்டுமன்று. பணம் வரும் நாளும் தேவை வரும் நாளும் பொருந்தாமையும் ஆகும். நேரடிப் பண உதவியின் பயனை அளப்போர் இந்த இரண்டாவது துன்பத்தையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

2023 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காஞ்சிபுரத்தில் ‘கலைஞர் மகளிர் உரிமைத் தொகை’த் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மிகாத, ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவிடாத குடும்பங்களின் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் நேராகச் செலுத்துவது திட்டம். தொடக்கத்தில் தேர்வு பெற்றோர் 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர்.

ஆயிரம் ரூபாயை நாள் கணக்கில் பிரித்தால் 33 ரூபாய்தான் தேறும். ஒரு டெய்லரின் இரண்டு ஷிப்ட் கூலிக்கு ஏறக்குறைய நிகரான இத்தொகையால் வறுமை தீர்ந்துவிடாது. ஆயினும் அது எதை மாற்றும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். செக்கிங் வேலை செய்யும் ஒரு பெண், மாத நடுவில் ஒரு குறித்த தேதியில் பணம் வரும் என்பதை உறுதியாக அறிவாள். அதைச் சொல்லி மளிகைக் கடையில் வட்டியின்றித் தவணை கேட்கலாம். ஆயிரத்துக்கு மாதம் நூறு என்னும் வட்டி அவள் வீட்டுக்குள் நுழையாது. பிள்ளை நோயுற்ற நாளில் ஒன்றரை ஷிப்டுக்கு நிற்க இயலாதென்று சொல்லும் துணிவும் சிறிதளவு பிறக்கும். தொகை அவள் பெயரிலேயே வருவதால், எதற்குச் செலவிடுவது என்ற பேச்சில் அவள் சொல்லுக்கும் இடம் கிடைக்கும். கையில் வரும் பணம் சிறிதாயினும், அது வரும் நாள் தவறாது என்ற உறுதி பெரிது.

அந்த உறுதி குலைந்தால் பயனும் குலையும். முதல் தவணை வந்தபோதே, கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று சில வங்கிகள் கட்டணம் பிடித்துக்கொண்டதாகப் புகார்கள் எழுந்தன. அவ்வாறு பிடித்தல் கூடாதென்று அரசு அறிவுறுத்த வேண்டியதாயிற்று.

சும்மா கொடுத்தால் உழைப்பு குன்றும், பணம் மதுக்கடைக்குப் போகும் என்பார் உளர். 2011-12-இல் மத்தியப் பிரதேசச் சிற்றூர்களில் ‘சேவா’ அமைப்பு யூனிசெஃப் உதவியுடன் பெரியோருக்கு மாதம் 200, சிறுவருக்கு 100 ரூபாய் எனத் தொடங்கி, பின்னர் அதை உயர்த்தி வழங்கிப் பார்த்தது. மதுச்செலவு கூடவில்லை; சொந்தத் தொழிலும் சொந்த நிலத்தில் உழைப்பும் கூடின; கடன் சுமை தணிந்தது.

எனினும், கொடுக்கும் விதி பிழைபட்டால் நன்மையும் தீமையாக மாறும். உமர் (ரலி) அவர்கள் காலத்தில், பால்குடி மறந்த குழந்தைகளுக்கே பைத்துல்மாலிலிருந்து மானியம் வழங்கப்பட்டது. ஓரிரவு இடைவிடாது அழுத குழந்தையின் தாயை அவர்கள் விசாரித்தபோது, மானியத்துக்காகவே முன்கூட்டிப் பால் மறக்கச் செய்வதாக அவள் கூறினாள். கலங்கிய கலீஃபா, பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் மானியம் உண்டென்று அறிவித்தார்கள். யாரை விதி விலக்குகிறது என்பதைக் கண்டு திருத்துவதே ஆட்சியாளரின் கடமை என்பது இதன் படிப்பினை.

இவ்வளவுகோலைத் திருப்பூரில் வைத்துப் பார்ப்போம். உரிமைத் தொகை, தமிழகக் குடும்ப அட்டையை ஒட்டி வகுக்கப்பட்டது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து அதே மேசையில் வேலை செய்யும் பெண்ணிடம் அந்த அட்டை இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தி, ஆர்டர்கள் தடைப்பட்டபோது, அந்த நெருக்கடி அட்டை உள்ளோர் இல்லாதோர் எனப் பிரித்துப் பார்க்கவில்லை. மேலும், எந்த உதவித் தொகையும் நியாயமான கூலிக்கு ஈடாகாது. அதைக் காட்டிக் கூலியைக் குறைக்க முதலாளிக்கு உரிமையுமில்லை.

விடுபட்டோருக்கு நாம் செய்யக்கூடியது என்ன? வேலையில் இருப்பவருக்கு ஸகாத் எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். கடலில் உழைத்துவந்த படகுக்காரர்களையே திருக்குர்ஆன் மிஸ்கீன்கள் என அழைக்கிறது (18:79). தொழிலும் உடைமையும் இருந்தும் வருவாய் போதாதவர் மிஸ்கீனே என்பதற்கு ஷாஃபிஈ அறிஞர்கள் இதைச் சான்றாகக் கொள்வர். பணத்துக்குரிய ஸகாத்தைப் பணமாகவே கொடுக்க வேண்டுமென்பது அவர்கள் மத்ஹபு. ஹனஃபி மத்ஹபு, மதிப்புக்கு ஈடான பொருளாகவும் கொடுக்க இடந்தருகிறது. ஆனால் அதன் நோக்கம் ஏழையின் தேவை நிறைவேறுதலே. வாடகை பாக்கியுள்ள வீட்டுக்கு ரமலானில் இன்னொரு சேலை கொடுப்பதால் அந்நோக்கம் நிறைவேறுமா? நிஸாபு உடையவர் ஆண்டு முடியுமுன்பே ஸகாத்தை முற்படக் கொடுக்கலாம் என்பதை இரு மத்ஹபுகளும் ஏற்கின்றன. ஆகவே அதை மாதந்தோறும் பகுத்து, தகுதியுள்ள தொழிலாளியின் கணக்கிலேயே சேர்ப்பதற்கு ஃபிக்ஹில் தடையில்லை.

செல்வத்தில் இல்லாதோர்க்குரிய பங்கைத் திருக்குர்ஆன் ‘ஹக்’ என்கிறது. அச்சொல்லுக்குத் தமிழில் உரிமை என்றே பொருள். உரிமையுடையவரை வரிசையில் நிறுத்தாமல், சொன்ன தேதியில் அவருடைய கையில் சேர்ப்பதே அச்சொல்லுக்கு நாம் செய்யும் நியாயம்.