மரப்பட்டையில் பிறந்த வெண்திட்டு

2013 ஜூலையில் ஜப்பானின் கானெபோ நிறுவனம் 54 வகை அழகுப் பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. அவற்றைப் பூசிவந்த பெண்களின் முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் வெள்ளைத் திட்டுகள் விழுந்திருந்தன. பாதிக்கப்பட்டவர்கள் 19,000 பேரைத் தாண்டினார்கள். காரணம், அந்தக் கிரீம்களில் 2 சதவீதம் சேர்த்திருந்த ரோடோடெனால். வெள்ளை பிர்ச் மரத்தின் பட்டையிலும், ஜப்பானியர் கண் கழுவக் கஷாயம் வைக்கும் நிக்கோ மேப்பிள் மரத்திலும் இயற்கையாகவே இருக்கிற பொருள் அது. 2008-ல் அரசின் அனுமதியும் பெற்றிருந்தது.

பிறகு எங்கே தவறியது? நறுக்கிய வாழைக்காய் கறுக்காமலிருக்கத் தண்ணீரில் போடுகிறோமே, அந்தக் கறுப்பை உண்டாக்கும் நொதிக்குச் சொந்தக்கார நொதி ஒன்று நம் தோலிலும் இருக்கிறது. டைரோசினேஸ் என்று பெயர். டைரோசின் என்கிற அமினோ அமிலத்தில் ஆக்சிஜனை ஏற்றி, மெலனின் நிறமிக்கு முதல் படி போடுவது இதுதான். அதிமதுர வேரிலுள்ள கிளாப்ரிடின், பேர்பெர்ரி இலையிலுள்ள அர்புடின் என்று நிறம் குறைக்கும் தாவரப் பொருட்கள் பலவும் குறிவைப்பது இந்த நொதியைத்தான்.

ரோடோடெனாலுக்குக் கிட்டத்தட்ட டைரோசினின் சாயல். நொதி ஏமாந்து அதன்மீதே வேலையைக் காட்டியது. விளைந்த குயினோன் என்ற வேதிப்பொருள், செல்லுக்குள்ளிருக்கும் புரதங்களில் ஒட்டிக்கொண்டு நிறமி செல்லையே கொன்றது. எந்தச் செல் அதிகம் உழைத்ததோ அதற்கே அதிக ஆபத்து. கிரீமை நிறுத்திய பிறகு பலருக்கு நிறம் மெல்லத் திரும்பியது. சிலருக்குத் திரும்பவே இல்லை.

முன்னெச்சரிக்கை இல்லாமலும் இல்லை. ரப்பர் கையுறை அணிந்த அமெரிக்கத் தோல் பதனிடும் தொழிலாளர்களின் கைகள் வெளுத்ததை 1939-லேயே மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அந்த ரப்பரில் இருந்ததும் இதே ஃபீனால் வகையைச் சேர்ந்த ஒரு ரசாயனம்தான்.

‘மூலிகை, பக்கவிளைவு இல்லை’ என்று அட்டையில் அச்சடிப்பவர்கள்மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். நிறம் குறைக்கும் பொருட்களின் ஆய்வகச் சோதனைகள் பெரும்பாலும் காளானிலிருந்து எடுத்த டைரோசினேஸில் நடக்கின்றன. அது மலிவு, எளிதில் கிடைக்கும். ஆனால் காளானில் வேகம் காட்டுகிற கோஜிக் அமிலம், மனித நொதியிடம் அவ்வளவு எடுபடுவதில்லை. வீட்டு வைத்தியத்திலும் கவனம் வேண்டும். எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, முன்பைவிடக் கறுக்கும். குளியல் பொடியில் சேரும் கார்போகரிசியில் உள்ள சோராலென், வெண்புள்ளிக்கு நிறம் வரவழைக்கப் பயன்பட்ட மருந்து!

பிறவி நிறத்துக்கு மருந்து எதுவும் தேவையில்லை. முகத்தில் கருந்திட்டாகப் படரும் மங்கு வேறு விஷயம். அது மனத்தை வதைக்கும், சிகிச்சையும் உண்டு. கோதுமை, பார்லியில் காணப்படும் அசெலாயிக் அமிலத்தைத் தோல் மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். கூடவே சன்ஸ்கிரீன் வாங்கும்போது, இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாக நிறம் தோய்ந்த வகையைக் கேளுங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஒளியும் மங்கைக் கூட்டும். நிறமில்லாத சாதாரண சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுக்காது.