மூளை வரைபடமும் மெய்ப்புத் திருத்தமும்

நுழையும்முன்
நூல் அச்சேறும் முன்பு அதன் படியை எழுத்தெழுத்தாகப் பார்த்துப் பிழைகளைவதை மெய்ப்புத் திருத்துதல் என்கிறோம். அச்சகத்தில் பிறந்த இப்பெயரையே மூளையை ஆராயும் அறிஞர்களும் தம் பணி ஒன்றுக்குச் சூட்டியுள்ளனர். அவர்கள் களைவது எழுத்துப்பிழையை அன்று. நரம்பணுக்களின் வடிவத்தைக் கணினி வரையும்போது நேரும் பிழையை.

வாழைப்பழத்தை உரித்து வைத்த சிறிது நேரத்தில் அதனைச் சுற்றிவரும் பழ ஈக்களை நாம் அறிவோம். அந்த ஈயின் மூளை ஒரு கசகசா விதையளவே இருக்கும். அத்தகைய பெண் ஈ ஒன்றின் மூளையில் 1,39,255 நரம்பணுக்களும் அவற்றிடையே 5 கோடிக்கு மேற்பட்ட இணைப்புகளும் இருப்பதைக் காட்டும் முழு வரைபடம், 2024 அக்டோபரில் 'நேச்சர்' ஆய்விதழில் வெளிவந்தது. அந்நரம்பிழைகளை முனையோடு முனை சேர்த்து நீட்டினால் ஏறத்தாழ 150 மீட்டர் வரும். 'ஃபிளைவயர்' என்னும் இத்திட்டத்தை அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான மாலா மூர்த்தியும் செபாஸ்டியன் சியுங்கும் வழிநடத்தினர்.

இவ்வரைபடத்துக்கு அடிப்படையான படங்கள் ஜனேலியா ஆய்வு வளாகத்தில் டேவி பாக் குழுவினரால் எடுக்கப்பட்டவை. ஈயின் மூளை ஏறத்தாழ 7,000 ஏடுகளாகச் சீவப்பட்டது. ஓர் ஏட்டின் தடிமன் 40 நானோமீட்டர். நம் தலைமயிர் ஒன்றின் தடிமனில் இத்தகைய ஏடுகள் ஏறத்தாழ இரண்டாயிரம் அடங்கும். ஒவ்வோர் ஏட்டையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் படமெடுத்தனர். ஒரு படத்தில் தெரியும் நரம்பிழையின் வெட்டுமுகம் அடுத்த படத்தில் எங்கே தொடர்கிறது என்பதைச் செயற்கை நுண்ணறிவு கண்டறிந்து, ஏடுதோறும் சேர்த்து முழு நரம்பணுவின் வடிவத்தை உருவாக்குகிறது.

பிழை நேர்வது எங்கே?
ஓர் ஏடு கிழிந்திருக்கலாம், மடிந்திருக்கலாம், அடுத்த ஏட்டோடு சற்று விலகிப் பொருந்தியிருக்கலாம். நரம்பிழை மிக மெலிந்து சவ்வின் எல்லை மங்கியிருக்கலாம். இத்தகைய இடங்களில் கணினி இருவகையாகத் தடுமாறும். ஒரே நரம்பணுவை இரு துண்டுகளாக விட்டுவிடுவது பிளவுப்பிழை. வெவ்வேறு நரம்பணுக்களை ஒன்றாகச் சேர்த்துவிடுவது ஒட்டுப்பிழை.

இலக்கண வகுப்பில் நாம் பயின்ற பொதுமொழியை இங்கே எண்ணிப் பார்க்கலாம். 'பலகை' என்பது சேர்ந்து நின்றால் மரப்பலகை. பிரிந்து நின்றால் பல கைகள். எதைக் கொள்வது என்பதை முன்னும் பின்னும் உள்ள சொற்களே காட்டும். நரம்பிழையிலும் ஐயத்துக்குரிய ஓர் ஏட்டை மட்டும் உற்றுநோக்கிப் பயனில்லை. முன்னேடுகளையும் பின்னேடுகளையும் புரட்டிப் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

இரண்டில் ஒட்டுப்பிழையே கொடியது. துண்டாகி நிற்கும் இழை தன் குறையைத் தானே காட்டிவிடும். ஒட்டிய வடிவமோ முழுமையானதுபோலத் தோன்றி ஏமாற்றும். இனிப்பை உணரும் நரம்பணுவிலிருந்து ஈ தன் உறிஞ்சுகுழலை நீட்டச் செய்யும் நரம்பணு வரையுள்ள வழியை ஆய்வாளர்கள் இவ்வரைபடத்தைக் கொண்டு கணித்துள்ளனர். அவ்வழியில் தொடர்பற்ற ஒரு நரம்பணு ஒட்டிக்கொண்டிருந்தால், மூளையில் இல்லாத ஒரு பாதையை உண்டென நம்பிவிட நேரும்.

திருத்துவோரின் பணி
திருத்துபவரின் திரையில் ஒருபுறம் ஏடுகளின் சாம்பல்நிறப் படங்களும் மறுபுறம் நரம்பணுவின் முப்பரிமாண வடிவமும் இருக்கும். அவர் முதலில் வடிவத்தைச் சுழற்றிப் பார்ப்பார். நரம்பணுவுக்கு உடல் ஒன்றே. இரண்டு தென்பட்டால் அங்கே ஒட்டு இருக்கிறது. தடித்த கிளை ஒன்று திடீரென மொட்டையாக முடிந்தால் அதன் தொடர்ச்சி வேறெங்கோ கிடக்கிறது. உடலே இல்லாத வடிவம் பெரும்பாலும் பிளவுப்பிழை. ஏனெனில், பூச்சிகளில் நரம்பணுவின் உடல் மூளையின் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். அதனை மற்றக் கிளைகளோடு இணைக்கும் மெல்லிய இழை அறுபட்டால் உடல் தனித்துப் போய்விடும்.

'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். மணத்தை உணரும் நரம்பணுக்களின் உடல்கள் மூளையில் இல்லை. ஈயின் உணர்கொம்பில் உள்ளன. அவற்றின் இழைகள் மட்டுமே மூளைக்குள் வருகின்றன. இதனை அறியாதவர் இல்லாத உடலைத் தேடி, வேறொன்றைக் கொணர்ந்து ஒட்டிவிடக்கூடும். திருத்தமே புதுப்பிழையாகும் இடம் இது. ஆதலால் புதியவர்கள் பயிற்சிப் படியில் பழகிய பின்னரே மெய்யான வரைபடத்தைத் தொட அனுமதிக்கப்பட்டனர். யார், எப்போது, எதைத் திருத்தினார் என்பதும் பதிவாகும்.

ஒட்டைப் பிரிப்பதற்கு, திருத்துபவர் ஒருபுறத்தில் ஒரு நிறப்புள்ளிகளையும் மறுபுறத்தில் வேறு நிறப்புள்ளிகளையும் இடுவார்; வெட்டவேண்டிய எல்லையைக் கணினி கண்டு பிரிக்கும். பிளவைச் சேர்ப்பதற்கு இரு துண்டுகளிலும் ஒவ்வொரு புள்ளி போதும். கைவேலை எளிது, எங்கே புள்ளி இடுவது என்று துணிவதே அரிது. இவ்வாறு செய்யப்பட்ட திருத்தங்கள் 30 இலட்சத்துக்கு மேல். ஒருவரே செய்திருந்தால் 33 ஆண்டுகள் உழைத்திருக்கவேண்டும் என மதிப்பிட்டுள்ளனர். ஆய்வாளர்களும் முழுநேரப் பணியாளர்களும் மட்டுமல்லர், கணினி விளையாட்டின் வழியே இத்துறைக்கு வந்த தன்னார்வலர்களும் இதில் பங்கேற்றனர்.

தெரிந்து தெளிவோம்
நரம்பு மண்டலம் முழுமையாக வரையப்பட்ட முதல் உயிரி, 302 நரம்பணுக்களை உடைய ஓர் உருளைப்புழு. அதனைக் கையாலேயே வரைந்து முடிக்கப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. அவ்வாய்வு 1986இல் வெளிவந்தது.

எல்லாப் பிழைகளும் திருத்தப்பட்டுவிட்டனவா எனில், இல்லை. நரம்பணுவின் முதன்மைக் கிளைகளையே முதலில் சீர்செய்தனர். நுனிக் கிளைகள் பல இன்னும் ஒட்டப்படாமல் கிடக்கின்றன. நுனிக் கிளை ஒன்று விடுபட்டால் சில இணைப்புகளே குறையும். முதன்மைக் கிளை அறுபட்டால் நூற்றுக்கணக்கான இணைப்புகள் போய்விடும். எதனை விடலாம் என்று அறிந்து விடுவதும் இப்பணியின் ஒரு பகுதியே.

இத்தேவை இனி மிகும். சுண்டெலி மூளையின் பார்வைப் பகுதியில் ஏறத்தாழ ஒரு கன மில்லிமீட்டரின் வரைபடம் 2025இல் வெளியாயிற்று. அதில் 50 கோடிக்கு மேற்பட்ட இணைப்புகள் காணப்பட்டன. எனினும், முழுமையாக மெய்ப்புத் திருத்தப்பட்ட நரம்பணுக்கள் அதில் ஒரு சிறு பகுதியே. சுண்டெலியின் முழுமூளை அதனைப்போல் ஏறத்தாழ ஐந்நூறு மடங்கு பெரியது. எனவே, எந்த நரம்பணுவை முதலில் திருத்துவது, கணினிக்கே எந்தத் திருத்தத்தைக் கற்பிப்பது என்னும் கேள்விகளே இன்று ஆய்வுக்கூடங்களில் பேசப்படுகின்றன.