கரும்பலகையும் பேரேடும்

வெள்ளகோவில் வட்டாரத்தில் நூல் விற்பதோடு, பாவும் ஊடையும் தந்து விசைத்தறிக்காரர்களிடம் துணி நெய்து வாங்கும் ஒரு வியாபாரியின் கடையை எண்ணிப் பாருங்கள். மில்லிலிருந்து வந்த விலைக் கடிதத்தைப் பார்த்து, அன்றைய நூல் விலையை வாசல் கரும்பலகையில் எழுதி வைக்கிறார். கேட்போருக்கெல்லாம் கடிதத்தைத் தேடி எடுக்க வேண்டியதில்லை. பலகை அழிந்தால் கடிதத்தைப் பார்த்து மீண்டும் எழுதலாம். ஆனால், எந்தத் தறிக்காரர் எத்தனை பாவு பெற்றார், கூலி பாக்கி எவ்வளவு என்பதை அதே பலகையில் எழுதுவாரா? மாட்டார். அதற்குப் பேரேடு இருக்கிறது.

இணையச் செயலிகளிலும் இவ்விரண்டும் உண்டு. கரும்பலகை போன்றது ‘கேஷ்’ எனப்படும் விரைவு நினைவகம். பேரேடு போன்றது நிலைச் சேமிப்பகம்.

கேஷ் பெரும்பாலும் ‘டிராம்’ நினைவகத்தில் அமைகிறது. இதில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக உள்ளது. அது கசிந்துவிடுமாதலால், பொதுவாக 64 மில்லி வினாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. மின்சாரம் நின்றால் செய்தியும் மறையும். ‘ஃபிளாஷ்’ சேமிப்பகத்திலோ மின்னூட்டம் மின்காப்புப் படலத்துக்குள் அடைபட்டிருப்பதால், மின்சாரமின்றியும் நிற்கும். ஆயினும் அதைப் படிக்க, டிராமைவிடப் பல நூறு மடங்கு நேரமாகும்.

மேகக் கணிமையில் இவ்வேறுபாடு மேலும் முக்கியமானது. நாம் வாடகைக்குப் பெறும் கணிப்பொறி எங்கோ ஒரு தரவு மையத்தில் உள்ளது. அது பழுதானால் வேறொன்று அதன் இடத்துக்கு வரும். பழையதன் நினைவகத்தில் இருந்தவை அதனோடு போய்விடும்.

அப்படியானால் கேஷ் எதற்கு? 2014இல் இந்திய ரயில்வேயின் இணைய முன்பதிவு அமைப்பு புதுப்பிக்கப்பட்டது. நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறன் 7,200 ஆக உயர்ந்தது. தரவை நினைவகத்திலேயே வைத்தாளும் முறை அதற்குத் துணைநின்ற உத்திகளுள் ஒன்று. பொதுவாக, காலியிடம் பார்ப்போர் மிகப் பலர். டிக்கெட் எடுப்போர் சிலரே. பார்ப்போருக்குச் சில வினாடி பழைய எண்ணிக்கையைக் காட்டினாலும் குடி முழுகிவிடாது. ஒரே இருக்கையை இருவருக்கு விற்றால்? எனவே இருக்கை ஒதுக்கீடு நிலையான பதிவேட்டில் உறுதியாக வேண்டும்.

ஆகவே, ஒரு தரவை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய இரண்டு கேள்விகள் போதும். இது அழிந்தால் வேறிடத்திலிருந்து மீண்டும் பெற முடியுமா? சற்றுப் பழையதாக இருந்தால் யாருக்கும் நட்டமில்லையா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் கேஷில் வைக்கலாம். அதற்கும் ஒரு காலாவதி நேரம் குறிக்க வேண்டும். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் நிலைச் சேமிப்பகத்தையே நம்ப வேண்டும். தரவு மாறும்போது வரிசையும் முக்கியம்: முதலில் பேரேட்டில் எழுதுக, பிறகு பலகையை அழிக்க!